ஆன்டெனாபாட் செயலியும் அதன் வழியே என்னிடம் தங்கிவிட்ட சில பாட்காஸ்ட்களும்

தாம்பரத்தில் ரயில் ஏறிக் கடற்கரை நிலையத்தில் இறங்கும்வரை எனக்கு நாள்தோறும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் கிடைக்கிறது; மாலையில் திரும்பும்போது இன்னொரு மணி நேரம். பரங்கிமலை தாண்டியதும் கையை உயர்த்திப் பிடியைப் பற்றிக்கொண்டு நிற்க இடம் கிடைத்தாலே போதும் என்ற நிலை வந்துவிடுவதால், புத்தகம் விரிப்பது நடவாத காரியம். அந்த நேரத்தைக் காதிடம் ஒப்படைத்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இந்த ஆறு ஆண்டுகளில் நான் பட்டியலில் சேர்த்துக் கேட்டுப் பார்த்த பாட்காஸ்ட்கள், அதாவது இணையம் வழியே வரும் ஒலி நிகழ்ச்சிகள், நூற்றுக்கு மேல் இருக்கும். இன்று பட்டியலில் எஞ்சியிருப்பவை பதினொன்று. அவற்றுள் சிலவற்றையும், அவற்றைக் கேட்க நான் பயன்படுத்தும் ஆன்டெனாபாட் என்னும் செயலியையும் பற்றிய மதிப்பீடு இது. ‘வலையொலி’ என்ற நல்ல தமிழ்ச் சொல் ஒன்று இருக்கிறது. ஆனால் ரயிலில் பக்கத்தில் நிற்பவரிடம் அப்படிச் சொன்னால் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதால், இங்கே பாட்காஸ்ட் என்றே எழுதுகிறேன்.

செயலியின் அருமை எனக்கு ஓர் இழப்பின் வழியாகத்தான் தெரிந்தது. முன்பு நான் வைத்திருந்த வேறொரு செயலியை அதை நடத்தியவர்கள் ஒருநாள் மூடிவிட்டார்கள். முன்கூட்டியே அறிவிப்பு வந்திருக்கிறது. வழக்கமான விளம்பரம் என்று எண்ணி நான்தான் அதைத் தள்ளிவிட்டேன். இரண்டு ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்த பட்டியலும், எந்தப் பாகத்தை எத்தனையாவது நிமிடத்தில் நிறுத்தினேன் என்ற குறிப்புகளும் சேர்ந்து போயின. நிகழ்ச்சிகளின் பெயர்கள் பாதிக்கு மேல் நினைவில் இல்லை. ‘அந்த நீராவி இயந்திரத்தைப் பற்றிப் பேசிய அம்மாள்’ என்று தேடினால் எந்தத் தேடுபொறி எடுத்துக் கொடுக்கும்?

அதற்குப் பிறகு வந்து சேர்ந்ததுதான் ஆன்டெனாபாட். ஆண்ட்ராய்டு போன்களுக்கென 2012 முதல் தன்னார்வலர்கள் உருவாக்கிப் பராமரித்து வரும் திறந்த மூலச் செயலி இது; அதாவது இதன் நிரலை யாரும் பார்க்கலாம், திருத்தலாம். விலை கிடையாது, விளம்பரம் கிடையாது, பெயரும் மின்னஞ்சலும் கொடுத்துக் கணக்குத் திறக்க வேண்டிய அவசியமும் கிடையாது. ப்ளே ஸ்டோரிலும், இத்தகைய திறந்த மூலச் செயலிகளுக்கான எஃப்-டிராய்டு தளத்திலும் கிடைக்கிறது. இவற்றைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது, பட்டியலை ஓபிஎம்எல் என்னும் சிறிய கோப்பாக வெளியே எடுத்து வைத்துக்கொள்ளும் வசதி. இதன் பொருள் புரிய வேண்டுமானால் பாட்காஸ்ட் எப்படி நம்மிடம் வந்து சேர்கிறது என்பதைச் சற்றுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஆர்எஸ்எஸ் என்னும் ஓடை ஒன்று உண்டு. அது இணையத்தில் ஒரு முகவரியில் இருக்கும் வெறும் பட்டியல்தான். புதிய பாகம் வந்தால் அதன் தலைப்பும், ஒலிக்கோப்பு இருக்கும் இடமும் அந்தப் பட்டியலில் ஏறும். செயலி செய்வதெல்லாம் அந்த முகவரிக்கு அவ்வப்போது போய்ப் பார்த்துவிட்டு வருவது மட்டுமே. ‘பாட்காஸ்டிங்’ என்ற பெயர் 2004-இல் ஒரு பிரிட்டிஷ் பத்திரிகைக் கட்டுரையில் தோன்றி, 2005-இல் ஆப்பிள் தன் ஐட்யூன்ஸில் இதற்கு இடம் கொடுத்த பிறகு பரவலானது என்றாலும், அடியில் ஓடும் இந்த எளிய ஏற்பாடு பெரிதாக மாறவில்லை. ஆகவே நம் பட்டியல் என்பது சில முகவரிகளின் தொகுப்பு; அதை ஒரு செயலியிலிருந்து எடுத்து இன்னொன்றில் போட்டால் அப்படியே வேலை செய்யும். மாதத்தின் முதல் ஞாயிறன்று அந்தக் கோப்பை எனக்கே மின்னஞ்சலில் அனுப்பிக்கொள்கிறேன். சூடு கண்ட பூனை.

புதிய நிகழ்ச்சிகளைக் கண்டுபிடிக்க இந்தச் செயலி அதிகம் உதவுமா என்றால், உதவாது என்றே சொல்ல வேண்டும். நாட்டைத் தேர்ந்தெடுத்தால் அங்கே பிரபலமாக இருப்பவற்றை ஆப்பிளின் பட்டியலிலிருந்து எடுத்துக் காட்டும், அவ்வளவுதான். நாம் எதைக் கேட்டோம் என்று ஆராய்ந்து ‘இது உங்களுக்குப் பிடிக்கும்’ என்று நீட்டும் வேலையை அது செய்வதில்லை. இதை நான் குறையாகக் கருதவில்லை. பிரபலப் பட்டியலைப் பார்த்து நான் சேர்ந்தவற்றில் ஒன்றுகூட இன்று அந்தப் பதினொன்றில் இல்லை. தேடலில் வேறொரு சிக்கல், அது தமிழுக்கே உரியது. ஒரே சொல்லை ஆங்கில எழுத்தில் எழுத ஆளுக்கொரு வழி வைத்திருக்கிறோம். ‘கதை’ என்பதற்கு ஒருவர் டாக்டரின் டியைப் போடுகிறார், இன்னொருவர் டைகரின் டியைப் போடுகிறார், வேறொருவர் தமிழ் எழுத்திலேயே பெயர் வைத்திருக்கிறார். மூன்று விதமாகவும் தட்டிப் பார்க்காமல் ‘அப்படி ஒரு நிகழ்ச்சி இல்லை’ என்று முடிவு கட்டக் கூடாது.

என்னிடம் தங்கிய நிகழ்ச்சிகள் பெரும்பாலும் மனிதர்கள் வழியாக வந்தவை. அதிலும் ‘இந்த நிகழ்ச்சி பிரமாதம், கேளுங்கள்’ என்று வந்தவை எதுவும் நிற்கவில்லை. ‘இந்த ஒரு பாகத்தை, இந்த நிமிடத்திலிருந்து கேளுங்கள்’ என்று வந்தவைதான் நின்றன. நூற்றுக்கணக்கான பாகங்கள் கொண்ட ஒன்றை மொத்தமாக நீட்டினால், வாங்குபவருக்கு அது பரிசாகத் தெரியாது, பாரமாகத்தான் தெரியும். ஆன்டெனாபாடில் ஒரு பாகத்தைப் பகிரும்போது, நாம் கேட்டுக்கொண்டிருக்கும் நிமிடக் கணக்கையும் சேர்த்து அனுப்பலாம். சிறிய வசதிதான், ஆனால் பரிந்துரை என்பதன் தன்மையையே அது எனக்கு மாற்றிவிட்டது. என்னோடு பல்லாவரத்தில் ஏறும் வேதியியல் ஆசிரியை ஒருவருக்கு ஒளிச்சேர்க்கை பற்றிய ஒரு பாகத்தை அப்படி அனுப்பினேன். மூன்றாம் நாள் கோடம்பாக்கம் அருகே திரும்பிப் பார்த்து, “சார், இருபது வருஷமா நடத்துறேன், இதை ஏன் எனக்கு யாரும் இப்படிச் சொல்லலை?” என்றார். அதன் பிறகு அவர் எனக்கு அனுப்பியவை மூன்று. அவற்றில் இரண்டு இன்றும் பட்டியலில் இருக்கின்றன.

அந்த ஒளிச்சேர்க்கைப் பாகம் பிபிசி ரேடியோ 4-இன் ‘இன் அவர் டைம்’ நிகழ்ச்சியைச் சேர்ந்தது. பட்டியலில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது கட்டாயப்படுத்தினால் நான் வைத்துக்கொள்வது இதைத்தான். 1998 அக்டோபரில் தொடங்கியது. மெல்வின் பிராக் என்னும் எழுத்தாளர் தொடக்கம் முதல் 2025 வரை இதை நடத்தினார். விலகியபோது அவருக்கு வயது 85, நடந்து முடிந்த பாகங்கள் ஆயிரத்துக்கு மேல். அமைப்பு மிக எளிது. வாரம் ஒரு பொருள். அந்தப் பொருளிலேயே வாழ்நாளைச் செலவிட்ட பேராசிரியர்கள் மூவர். முக்கால் மணி நேரம். பின்னணி இசை இல்லை, நாடகத்தனமான இடைவெளிகள் இல்லை, பேசுபவர்கள் தங்கள் பள்ளிப் பருவத்தை நினைவுகூர்வதும் இல்லை. ஒரு வாரம் பறவைகளின் வலசை என்றால் அடுத்த வாரம் உபநிடதங்கள், அதற்கடுத்த வாரம் பகா எண்கள் என்று பொருள்கள் தாவுகின்றன. அசோகர், கிழக்கிந்தியக் கம்பெனி, இந்தியக் கணிதம், பூஜ்யம் ஆகியவற்றுக்கும் தனித்தனிப் பாகங்கள் உண்டு.

இதன் சுவை பிராக் கேள்வி கேட்கும் விதத்தில் இருக்கிறது. அவர் அந்தத் துறையின் நிபுணர் அல்லர். ஆனால் வீட்டுப்பாடத்தை முடித்துவிட்டு வந்திருக்கும் மாணவர். பேராசிரியர் ஒருவர் பொதுவான சொற்களில் வழுக்கிக்கொண்டு போகும்போது, சற்றுக் கடுமையாகவே இடைமறித்து, ‘அப்படியென்றால் என்ன, கேட்பவர்களுக்குச் சொல்லுங்கள்’ என்னும் பொருள்பட நிறுத்துவார். முதலில் இது எனக்கு மரியாதைக் குறைவாகப் பட்டது. பத்துப் பாகங்களுக்குப் பிறகு, எனக்காகத்தான் அவர் சண்டை போடுகிறார் என்பது விளங்கியது. நேரலை முடிந்த பின்னும் ஒலிவாங்கியை அணைக்காமல், ‘எதைச் சொல்ல நேரமில்லாமல் போயிற்று?’ என்று கேட்டுப் பதிவு செய்த சில நிமிடங்கள் பாட்காஸ்ட் வடிவத்தில் மட்டும் இறுதியில் வருகின்றன. வானொலிக்குரிய பதற்றம் நீங்கி மூவரும் தங்களுக்குள் பேசத் தொடங்கும் அந்தப் பகுதியில், தயாரிப்பாளர் உள்ளே வந்து தேநீரா காபியா என்று கேட்கும் சத்தத்தோடு பாகம் முடியும். அந்தக் கேள்வி வரும்போது நானும் பெரும்பாலும் பூங்கா நிலையத்தைத் தாண்டியிருப்பேன். இறங்கியதும் வாசல் கடையில் என் பதிலைச் சொல்லிவிடுவேன்.

குறைகளும் உண்டு. பொருள் தேர்வு ஐரோப்பாவின் பக்கம் சாய்ந்தே இருக்கிறது. கிரேக்க நாடகாசிரியர்களுக்கும் ஆங்கிலக் கவிஞர்களுக்கும் கிடைத்த இடத்தில் கால் பங்குகூடத் தென்னிந்தியாவுக்குக் கிடைக்கவில்லை. பேசுபவர்களின் பிரிட்டிஷ் உச்சரிப்பும் வேகமும் பழகச் சில நாட்களாகும். முற்றிலும் அறியாத பொருளை முதலில் எடுத்தால் பெயர்களின் வெள்ளத்தில் மூச்சு முட்டும். ஆகவே புதிதாக வருபவர்களுக்கு என் யோசனை, நீங்கள் ஏற்கனவே நன்கு அறிந்த ஒரு பொருளிலிருந்து தொடங்குங்கள் என்பதே. கணக்காளனான நான் பூஜ்யத்திலிருந்து தொடங்கினேன்.

இதற்கு நேர் எதிரான இயல்புடையது மைக் டங்கனின் ‘தி ஹிஸ்டரி ஆஃப் ரோம்’. ஒரே மனிதர், ஒரே குரல், 2007-இல் தொடங்கி 2012-இல் முடித்த 179 எண்ணிட்ட பாகங்கள்; ரோமின் தோற்றக் கதையிலிருந்து மேற்குப் பேரரசின் வீழ்ச்சி வரை ஒழுங்காக நடத்திச் செல்கிறார். இதை நடுவில் பிடிக்க முடியாது. முதலிலிருந்துதான் போக வேண்டும். தொடக்கப் பாகங்களின் ஒலிப்பதிவு கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருக்கும், வாசிப்பும் தட்டையாக இருக்கும். அந்த இடத்தில் கைவிட்டவர்கள் பலரை எனக்குத் தெரியும். நான் முதல் பத்துப் பாகங்களைச் சற்றுக் கூடுதல் வேகத்தில் ஓட்டிக் கடந்தேன். ரோமை எதிர்த்த கார்தேஜ் தளபதி ஹானிபல் வரும்போது டங்கனுக்கும் குரல் பிடிபட்டுவிடுகிறது, நமக்கும் காது பிடிபட்டுவிடுகிறது. முடிந்துபோன தொடர் என்பதே இதன் பெரிய கவர்ச்சி. அடுத்த வாரத்துக்காகக் காத்திருக்கும் தொல்லையும் இல்லை, நடுவில் நின்றுபோய்விடுமோ என்ற அச்சமும் இல்லை.

பாட்காஸ்ட் என்றாலே பலரும் முதலில் சொல்லும் ‘சீரியல்’ தொடரைப் பற்றி ஒரு வார்த்தை. 1999-இல் அமெரிக்காவின் பால்டிமோர் பகுதியில் ஒரு பள்ளி மாணவி கொல்லப்பட்ட வழக்கையும், அதில் தண்டனை பெற்ற அவளுடைய முன்னாள் காதலனையும் பற்றி 2014-இல் 12 பாகங்களாக வந்த அதன் முதல் பருவம், ஒலி, ஒளிபரப்புப் படைப்புகளுக்கு அமெரிக்காவில் தரப்படும் பீபாடி விருது பெற்ற முதல் பாட்காஸ்ட். தொகுப்பும் சொல்முறையும் அபாரம். ஒரு பாகத்தோடு நிறுத்த முடியாது. ஆனால் கேட்டு முடித்தபோது எனக்கு உறுத்தியது, இறந்துபோன பெண்ணைப் பற்றி நான் அறிந்துகொண்டது மிகக் குறைவு என்பதுதான். அந்த வழக்கு பாட்காஸ்டோடு முடியவும் இல்லை. 2022-இல் தீர்ப்பு ரத்தாகி, மேல்முறையீட்டில் மீண்டும் நிலைநிறுத்தப்பட்டு, 2025-இல் தண்டனை மட்டும் அவர் ஏற்கனவே சிறையில் கழித்த காலத்தோடு நிறுத்தப்பட்டது. ஒரு குடும்பத்தின் துயரம் நமக்கு ரயில் பயணத் துணையாக இருப்பதில் தயக்கம் இல்லாதவர்கள் கேட்கலாம். நான் யாருக்கும் நிமிடக் கணக்குப் போட்டு அனுப்பியதில்லை.

தமிழுக்கு வருகிறேன். உரையாடல் நிகழ்ச்சிகளைவிட நாவல் வாசிப்பில்தான் தமிழ்ப் பாட்காஸ்ட்கள் நிமிர்ந்து நிற்கின்றன என்பது என் கணிப்பு. தீபிகா அருணின் ‘கதை ஓசை’ இதில் பலரும் அறிந்தது. கல்கியின் நாவல்கள் உள்ளிட்ட தமிழ்ப் புனைவுகளைப் பொறுமையாகவும் தெளிவாகவும் வாசிக்கும் நிகழ்ச்சி அது. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையாக்கப்பட்டவை என்பதால் யாரும் வாசித்து வெளியிடத் தடையில்லை. ‘பொன்னியின் செல்வ’னைத் தேடினால் குரல்கள் வரிசைகட்டி நிற்கும். அந்த நாவல் காதுக்கு இவ்வளவு பொருந்துவதில் வியப்பில்லை. 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் தொடராக வந்து, ஐந்து பாகங்களில் 293 அத்தியாயங்களாக விரிந்த கதை. அத்தியாய முடிவில் ஒரு கதவு திறக்கும் அல்லது ஒரு கத்தி ஒளிரும். வாசகர்களைக் கல்கி முதல் வாக்கியத்திலேயே ‘நேயர்கள்’ என்றுதான் அழைக்கிறார். பிற்காலத்தில் வானொலி தனதாக்கிக்கொண்ட சொல் அது.

இத்தனை குரல்களில் எதைத் தேர்ந்தெடுப்பது? நான் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். வந்தியத்தேவன் ஆடிப்பெருக்கு நாளில் வீர நாராயண ஏரிக் கரையில் குதிரையில் வரும் முதல் அத்தியாயத்தை எல்லாக் குரல்களிலும் கேட்டுப் பார்த்தேன். ஒருவர் செய்தி வாசிப்பதுபோல் வாசித்தார். நீர்மட்டம் எத்தனை அடி என்று அடுத்துச் சொல்லிவிடுவாரோ என்று தோன்றியது. இன்னொருவரின் வாசிப்பில் வீணை கதையைவிட உரக்க ஒலித்தது. மூன்றாவது குரலில், ஏரிக் கரையின் வர்ணனை வந்த இடத்தில் வாசிப்பு தானாகவே மெல்ல நடந்தது. குதிரைக்கும் அங்கே அவசரமில்லை என்பது அந்தக் குரலுக்குத் தெரிந்திருந்தது. அதைத்தான் அம்மாவின் போனில் ஏற்றிக் கொடுத்தேன். கண்புரை அறுவைக்குப் பிறகு அவரால் சிறிய எழுத்துகளை நீண்ட நேரம் படிக்க முடிவதில்லை.

இப்போது பகலில் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டே கேட்கிறார், இரவில் படுத்துக்கொண்டே கேட்கிறார். இரவுக்காகச் செயலியில் உறக்க நேரக் கணக்கு ஒன்று உண்டு. இருபது நிமிடம் என்று வைத்தால் அதன் பிறகு தானே நின்றுவிடும், விழித்திருந்தால் போனை ஒருமுறை குலுக்கினால் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். இது தெரிவதற்கு முன்பு காலையில் காபியோடு வழக்கு வரும்: “ஏண்டா, நேத்து ஜோசியர் வீட்டுக்கு உள்ள போனான், வெளிய வந்தானா இல்லையான்னு தெரியலையே!” குடந்தை ஜோதிடர் வீட்டைத் தேடிப் பிடித்து நிறுத்திக் கொடுத்துவிட்டுத்தான் நான் ரயிலுக்கு ஓட வேண்டும். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தனித்தனி வேகம் வைக்கலாம், தொடக்கத்தில் இத்தனை நொடியைத் தாண்டு என்றும் சொல்லிவைக்கலாம். பாகந்தோறும் ஒரு நிமிடத்துக்குக் குறையாமல் அறிமுக இசை போடும் நம்மூர் நிகழ்ச்சிகளுக்கு இந்த இரண்டாவது வசதி பெரிய வரம்.

ஆஸ்திரேலியப் பொது ஒலிபரப்பான எஸ்பிஎஸ் தமிழையும் சேர்த்துக்கொள்ளலாம். செய்தியும் நேர்காணலும் குடியேறியவர்களுக்கான வழிகாட்டலும் கலந்த நிகழ்ச்சி. அந்த வழிகாட்டல் நமக்குப் பயன்படாது, ஆனால் ஈழத்துத் தமிழும் தமிழகத்துத் தமிழும் ஒரே மேசையில் பேசுவதைக் கேட்க இனிமையாக இருக்கிறது.

செயலியின் போதாமைகளையும் சொல்லிவிட வேண்டும். யூடியூபில் மட்டும் வெளியாகும் நிகழ்ச்சிகளும், ஏதேனும் ஒரு நிறுவனத்தின் சொந்த மேடையில் மட்டும் பூட்டி வைக்கப்பட்டவையும் இதில் வாரா. தமிழில் பேச்சு நிகழ்ச்சிகள் பெரும்பாலும் யூடியூபிலேயே குடியிருப்பதால் இது சிறிய குறையன்று. ஒரு போனில் கேட்டதை இன்னொரு கருவியில் விட்ட இடத்திலிருந்து தொடர, வெளியே ஒரு ஒத்திசைவுச் சேவையை நாமே இணைத்துக்கொள்ள வேண்டும். அந்த வேலையில் பழக்கம் இல்லாதவர்களுக்கு அது தலைவலி. இடவசதியையும் கவனிக்க வேண்டும். வழக்கமான தரத்தில் ஒரு நிமிட ஒலி ஏறத்தாழ 1 எம்பி பிடிக்கும் என்பதால், முக்கால் மணி நேரப் பாகங்கள் இருபதைச் சேர்த்து வைத்தாலே 900 எம்பியை நெருங்கிவிடும். கேட்டு முடித்ததும் தானே அழித்துவிடும்படி அமைத்துவிட்டேன். இரவில் வீட்டு வைஃபையில் இறக்கிக்கொண்டு விடுவதால், ரயிலில் சிக்னல் போனாலும் கவலையில்லை.

ஐபோனில் ஆன்டெனாபாட் கிடையாது. கோயம்புத்தூரில் இருக்கும் தங்கை ஐபோன்காரி. பரிந்துரை கேட்டபோது என் ஓபிஎம்எல் கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அதை அவள் ஓவர்காஸ்ட் செயலியில் ஏற்றிக்கொண்டாள். பதினொன்றும் அப்படியே போய் இறங்கின. ஒரு வாரம் கழித்துப் பேசியபோது ரோம் நான்காம் பாகத்தோடு நின்றிருந்தது, ‘இன் அவர் டைம்’ தொடவே இல்லை. “அண்ணா, பதினொன்னையும் அனுப்பிட்ட, எதுல ஆரம்பிக்கிறதுன்னு சொல்லலையே” என்றாள். பூஜ்யம் பற்றிய பாகத்தைத் தேடி எடுத்து, ஒன்பதாவது நிமிடம் என்று குறித்து அனுப்பியிருக்கிறேன்.